ஜீப் குடிக்கிறதா? நாம் ஊற்றிக் கொடுக்கிறோமா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பெட்டி வண்டி நிற்கிறது. தார், ஜிம்னி, போலிரோ, பழைய ஜிப்சி, அதற்கும் பழைய மகேந்திரா ஜீப். காண்டிராக்டர் வைத்திருக்கிறார். கடைக்காரர் வைத்திருக்கிறார். தவணை கட்டி வாங்கிய குமாஸ்தாவும் வைத்திருக்கிறார்.

வாங்கும்போது எல்லோருக்கும் சந்தோஷம். மாதக் கடைசியில் எல்லோரும் பாடுவது ஒரே பாட்டு. "வண்டி நல்ல வண்டிதான் சார், பெட்ரோல்தான் தண்ணி மாதிரி குடிக்குது!"

வண்டி தானாகக் குடிப்பது பாதி. நாம் ஊற்றிக் கொடுப்பது மீதி. இந்த மீதியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

"பட்டாபிராம் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவன் நான், எனக்கென்னய்யா ஜீப்?" என்று கேட்கலாம். உங்கள் தெருக் கடைக்குக் காய்கறி வருவது எதில்? பெரும்பாலும் போலிரோ பிக்கப் மாதிரி வண்டியில். அந்த வண்டி வீணாக எரிக்கும் ஒவ்வொரு லிட்டரும் தக்காளி விலையில் வந்து உட்காருகிறது. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஜீப் இல்லாதவருக்கும் இதில் பங்கு உண்டு!

தாசில்தார் ஜீப் முதல் தார் வரை

இந்தியாவில் ஜீப் பூட்டத் தொடங்கியது 1947-ல். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் மகேந்திரா பூட்டியது. அப்புறம் தாசில்தார், பி.டி.ஓ., போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கே ஜீப் நின்றது. செலவு சர்க்கார் செலவு. மைலேஜைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அதற்குப் பிறகுதான் ஜீப்பும் சிக்கனம் பேச ஆரம்பித்தது. எண்பதுகளில் மகேந்திரா ஜீப்புக்குள் பெஜோ டீசல் என்ஜின் உட்கார்ந்தது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் பலர் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டினார்கள்.

1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. 2018-ல் நின்றது. 2010-ல் தார். 2020-ல் புதுத் தார். 2023-ல் ஜிம்னி. புதுத் தார் வண்டியை உருவாக்கிய மகேந்திரா ஆராய்ச்சிக் கூடம் இருப்பது நம் செங்கல்பட்டு அருகே! சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா, பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, ஸ்டார்ட்டர் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் பாடியில். வண்டிச் சாமானுக்கு ஊரறிந்த பகுதி இது. இங்கேயே பாதி வண்டிகள் டயரில் காற்றில்லாமல் ஓடுகின்றன. இதை எங்கே போய்ச் சொல்வது?

வெள்ளம் தந்த மோகம்

பெட்டி வண்டி மோகத்துக்கு அந்தஸ்து மட்டும் காரணமல்ல. மழையும் காரணம். 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர். கொரட்டூரில் தண்ணீர். கார்கள் மூழ்கி நின்றன. "உயரமான வண்டி இருந்தால் வீடு போய்ச் சேரலாம்" என்று நினைத்தது தப்பில்லை. 2020-ல் வந்த தார் 650 மில்லி மீட்டர், அதாவது இரண்டடிக்கு மேல் தண்ணீரில் போகும் என்று கம்பெனியே சொன்னது.

ஆனால் வெள்ளம் வருவது வருஷத்தில் நாலைந்து நாள். மீதி 360 நாளும் அதே வண்டி, அதே உயரம், அதே கனத்தோடு பாடிக்கும் பூந்தமல்லிக்கும் காய்ந்த தார் ரோட்டில் ஓடுகிறது. அந்த 360 நாள் செலவைக் குறைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

கணக்கைப் பாருங்கள்

ஒரு உதாரணம். தினமும் 40 கிலோ மீட்டர். மாதம் 25 நாள். ஆயிரம் கிலோ மீட்டர் ஆயிற்று. கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வண்டி லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் கொடுத்தால் 100 லிட்டர். பத்தாயிரம் ரூபாய். அதையே 12 ஆக்கிவிட்டால் 83 லிட்டர் சொச்சம். மாதம் 1,670 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 20 ஆயிரம்!

சின்னக் கார் வைத்திருப்பவர் 20-ஐ 22 ஆக்கினால் என்ன கிடைக்கும்? ஐம்பது லிட்டர் நாற்பத்தைந்தரை ஆகும். மாதம் 450 ரூபாய்தான்.

இரண்டு பேருமே இரண்டு கிலோ மீட்டர்தான் கூட்டினார்கள். ஆனால் ஜீப்காரருக்கு மிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. "ஜீப் வாங்கியாச்சு, இனி மைலேஜ் பார்த்து என்ன பயன்?" என்று பேசுபவர்கள் தலைகீழாக நிற்கிறார்கள். அதிகம் குடிக்கும் வண்டியில்தான் மிச்சம் பிடிக்க இடம் அதிகம்!

முதலில் உண்மையான மைலேஜ் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஜிம்னிக்குக் கம்பெனி சொன்னது 16.94, ஆட்டோமேட்டிக்குக் 16.39. இது கூடத்துக்குள் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் எடுத்ததல்ல. நீங்களே எடுங்கள். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை அதே பங்க்கில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு தடவைக் கணக்கை நம்பாதீர்கள்.

காற்றோடு மல்லுக்கட்டு

பெட்டி வண்டிக்கு முதல் எதிரி காற்று. நிமிர்ந்த கண்ணாடி, சதுர முகம், மேலே உயரம். பீரோவைத் தள்ளிக்கொண்டு ஓடுவது போல! எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் பழைய ஜி-கிளாஸ் பெட்டி வண்டிக்குக் காற்றுத் தடை எண் 0.54. இன்றைய சாதாரண செடான் கார்களுக்கு அது 0.30 பக்கம்.

இந்தத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-ல் ஓட்டுபவர் 100-க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றுத் தடையோ 56 சதவீதம் கூடுகிறது!

வண்டலூர்–மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு 62 கிலோ மீட்டர். அதில் நெமிலிச்சேரியில் ஏறியதும் பலருக்கு வலது கால் தரையைத் தொடுகிறது. 15 கிலோ மீட்டர் போவதாக வையுங்கள். நூறில் போனால் 9 நிமிஷம். எண்பதில் போனால் 11 நிமிஷம் சொச்சம். இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்து இறங்கும் இடத்தில் டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிற்கிறோம். அந்த இரண்டு நிமிஷத்துக்கா பெட்ரோல்?

45 முதல் 55 கிலோ மீட்டர் வேகமே சிக்கனம் என்று பெட்ரோலிய சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஹைவேயில் ஐம்பதில் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் நம்மைத் திட்டுவார். எனவே இடது பக்கமாக 70, 75-ல் நிதானமாகப் போங்கள். பெட்டி வண்டிக்கு அது அழகு.

தலைமேல் சுமை

வண்டி வாங்கிய மறுநாளே கூரையில் கேரியர். முன்னால் இரும்புக் கம்பி. பக்கத்தில் பெட்ரோல் கேன். பின்னால் ஏணி. இமயமலைக்கா போகிறார்? இல்லை, திருமுல்லைவாயலுக்கு!

கூரைமேல் பெட்டி வைத்தால் ஊருக்குள் 2 முதல் 8 சதவீதமும், ஹைவேயில் 6 முதல் 17 சதவீதமும் மைலேஜ் குறையும் என்பது அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. வெறும் கேரியரும் காற்றைத் தடுக்கும். தேவைப்படும்போது மாட்டுங்கள். மற்ற நாளில் கழற்றி மாடியில் வையுங்கள். கூடுதலாக 45 கிலோ ஏற்றினால் சுமார் ஒரு சதவீதம் போகிறது. வண்டிக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் சிமெண்ட் மூட்டை, பழைய பேட்டரி, துருப்பிடித்த ஜாக் இவற்றை இறக்குங்கள்.

முன்பக்க இரும்புக் கம்பிக்கு மைலேஜைவிடப் பெரிய கெடுதல் உண்டு. எதிரே வரும் சைக்கிள்காரருக்கு அது எமன். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றினால் கனமும் குறையும், பாவமும் குறையும்.

டயர் கதை

பெரிய டயர் மாட்டுவது இன்னொரு பைத்தியம். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 30 அங்குலம் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் என்ஜின் இன்னும் கனமான சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். மேடு பள்ளமான சேற்று டயரானால் உராய்வும் அதிகம். தவிர ஒரு வேடிக்கை. டயர் 7 சதவீதம் பெரிதானால், மீட்டர் 100 கிலோ மீட்டர் காட்டும்போது வண்டி 107 ஓடியிருக்கும். கணக்கில் மைலேஜ் இன்னும் மோசமாகத் தெரியும். வேகமானியும் குறைத்துக் காட்டும். போலீஸ் கேமரா குறைத்துக் காட்டாது!

ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக, கம்பெனி சொன்ன அளவை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அது.

காற்று அடிப்பது எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம். நாலு டயரிலும் ஒவ்வொரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். பத்துப் பவுண்டு குறைந்தால் 2 சதவீதம். டயர் தேய்மானம் தனி. டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு காற்று என்று இருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு போடுறேண்ணே" என்றால் தலையாட்டாதீர்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, வாரம் ஒருமுறை பாருங்கள்.

நாலு வீலும் நமக்கு எதற்கு?

ஜிம்னியிலும் நாலு வீல் தாரிலும் உள்ள நாலு சக்கர இழுவை சேறு, மணல், வழுக்கும் இடத்துக்கு. காய்ந்த ரோட்டில் போட்டு ஓட்டினால் திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுக்கும். டயர் தேயும். கியர் பெட்டி நோகும். பெட்ரோலும் கூடும். மழை நின்றதும் லீவரை இரண்டு சக்கரத்துக்குத் தள்ளிவிடுங்கள். பழைய ஜீப், ஜிப்சி சிலவற்றில் முன் சக்கரக் குமிழைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். மாசக்கணக்கில் அது பூட்டியே கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தார் வண்டியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல் 2023 ஜனவரியில் வந்தது. போலிரோவும் பின் சக்கர இழுவைதான். உங்கள் வேலை ஊருக்குள் என்றால் நாலு வீலுக்குக் கூடுதல் பணம் கொடுத்து, கூடுதல் கனத்தை ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமா?

வலது கால்தான் முதலாளி

பாடி மேம்பாலம், மதுரவாயல், கரையான்சாவடி. நின்று, நகர்ந்து, நின்று போகும் இடங்கள். ஜிம்னியே சுமார் 1,200 கிலோ. தாரும் போலிரோவும் அதைவிடக் கனம். இத்தனை இரும்பை நிற்கும் இடத்திலிருந்து கிளப்ப எரித்த பெட்ரோலை, அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்துச் சூடாக்கி வீணடிக்கிறோம்.

தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்துவிடுங்கள். முந்திப் போய்ச் சிவப்பில் நிற்பவருக்குப் பரிசு எதுவும் கிடையாது! வண்டி ஏறிய வேகத்துக்கு ஏற்ப மேல் கியர் போடுங்கள். ஆனால் என்ஜின் திணறி உதறும் அளவுக்குப் போகாதீர்கள். கிளட்ச் மேல் காலை வைத்துத் தூங்காதீர்கள்.

"இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம்" என்பது பழைய டிரைவர்கள் சொத்து. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜினில் இது தப்பு. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் உயிரோடு இருக்கக் கொஞ்சம் எரித்தே தீரும். வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்காது. உயரமான வண்டிக்கு அது ஆபத்து.

சும்மா நிற்கும் என்ஜின் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை எரிக்கும். பள்ளிக்கூட வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்காரும் தகப்பனார்கள் கவனிக்க!

ஏர் பில்டர் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்சியில் பில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். புது வண்டிகளில் இழுவை குறையுமே தவிர மைலேஜ் அதிகம் மாறாது. தூசி நிறைந்த நம் ரோட்டில் என்ஜின் ஆயுளுக்காக மாற்றுங்கள். மைலேஜுக்கு என்று சொல்லி யாராவது மாசா மாசம் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மந்திரக் குப்பிகள்

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, ஊற்றும் தைலம். "இருபது சதவீதம் கேரண்டி சார்!" என்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட சாமான்கள் நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்தது. சொல்லும்படியாக மைலேஜைக் கூட்டியது ஒன்றுகூட இல்லை. ஒரு காந்தத்தால் இருபது சதவீதம் கூடும் என்றால், ஒரு புள்ளி மைலேஜுக்காகக் கோடிகளைக் கொட்டும் வண்டிக் கம்பெனி அதை மாட்டாமல் விடுமா?

1996-ல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசியது. இன்று எந்தப் பங்க்கிலாவது கிடைக்கிறதா? ஏமாற ஆசைப்படுகிறவர் இருக்கும்வரை தைலம் விற்பவர் பிழைப்பார்.

கலப்புப் பெட்ரோல்

ஓட்டுபவர் செய்ய வேண்டியதைச் சொல்லியாயிற்று. சர்க்கார் செய்ய வேண்டியதையும் சொல்ல வேண்டாமா?

2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. கரும்பு விவசாயிக்கு நல்லது, அன்னியச் செலாவணிக்கு நல்லது. ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகையில் வடிவமைத்த நாலு சக்கர வண்டிக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. அதை ஈடுகட்ட வரிச் சலுகை தரலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது.

முதல் பாதி பலித்துவிட்டது. இரண்டாம் பாதி எங்கே? பழைய ஜிப்சிக்காரர் காற்றடித்து, கேரியர் கழற்றி, காலை அடக்கி மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைப் பங்க்கிலேயே பிடுங்கிக்கொள்வது நியாயமா?

கவனிப்பார்களா?

பங்க்குகளில் இலவசமாகக் காற்றடித்துத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. பல இடங்களில் மிஷின் இருக்கிறது, ஆள் இல்லை. ஆள் இருந்தால் மீட்டர் சரியில்லை. எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள் ஒரு நாள் சும்மா வந்து பார்க்கட்டும்.

பாடி–திருநின்றவூர் ரோட்டை அகலப்படுத்தும் பேச்சு பத்தாண்டுக்கு மேலாக நடக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த ஆண்டுகளில் பூந்தமல்லி ரோட்டில் எரிந்த பெட்ரோலுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? ஒரு பள்ளத்துக்காக ஆயிரம் வண்டி பிரேக் மிதித்து, ஆயிரம் வண்டி மறுபடி முதல் கியர் போடுகிறது. பள்ளத்தை மூடுவதும் எரிபொருள் சிக்கனம்தான். நெடுஞ்சாலைத் துறைக்கும் மாநகராட்சிகளுக்கும் இது தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குத் தனி ஆளாக ஜீப்பில் போகிறவர், வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறலாம். அல்லது அதே எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மூன்று பேரை ஏற்றிக்கொள்ளலாம். லிட்டருக்குப் பத்து கொடுக்கும் வண்டி நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு நாற்பது கொடுத்த மாதிரி. இதற்குக் காந்தமும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் டயரை ஒரு பார்வை, கூரையை ஒரு பார்வை பாருங்கள். அடுத்த டேங்க்குக்குள் வித்தியாசம் தெரியும். தெரிந்த வித்தியாசம் வீட்டுக்கு வரட்டும். வீட்டம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்!